பரிசோதனைக்கு முன்னும் பின்னும்: கற்றல் குறைபாடு உள்ள பிள்ளையோடு பள்ளியைக் கடப்பது எப்படி?

பாடத்தைப் படித்துக் காட்டிவிட்டுக் கேள்வி கேட்டால் பையன் சரியாகப் பதில் சொல்கிறான். அதே கேள்விக்குப் பரீட்சையில் எழுதச் சொன்னால் இரண்டு வரிக்கு மேல் வரவில்லை. ‘கவனமே இல்லை’ என்கிறார் டீச்சர். ‘எழுதிப் பார்க்கவே மாட்டேங்கிறான்’ என்கிறார் டியூஷன் அக்கா. வீட்டில் சோம்பேறி என்று பேர் விழுந்துவிட்டது. இதுவரை யாரும் பரிசோதனை செய்து பார்க்கவில்லை. இந்த நிலையில் இருக்கும் அப்பா அம்மாக்களுக்காக, தமிழ்நாட்டுப் பள்ளிகளை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். பையன் என்று எழுதினாலும் பெண் பிள்ளைகளுக்கும் இதேதான். சத்தம் போடாமல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பெண் பிள்ளையை யாரும் திரும்பிப் பார்ப்பதுகூட இல்லை என்பதால், அவர்கள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும்.

கற்றல் குறைபாடு என்பது அறிவுக் குறைவு கிடையாது. யோசிப்பது, புரிந்துகொள்வது எல்லாம் வயதுக்கேற்ப இருக்கும். வாசிப்பது, எழுதுவது, கணக்குப் போடுவது ஆகியவற்றில் ஒன்றோ இரண்டோ மட்டும் எவ்வளவு பயிற்சி கொடுத்தாலும் பிடிபடாது. வாசிப்பில் வந்தால் டிஸ்லெக்ஸியா, எழுத்தில் வந்தால் டிஸ்கிராஃபியா, எண்ணில் வந்தால் டிஸ்கால்குலியா. பள்ளி வயதுப் பிள்ளைகளில் 100க்கு 5 முதல் 15 பேருக்கு இது இருக்கலாம் என்று அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு சொல்கிறது. அதன்படி பார்த்தால் 40 பேர் உட்காரும் வகுப்பில் இரண்டு பேராவது இருப்பார்கள்.

அப்புறம் ஏன் ஒன்பதாம் வகுப்பு வரை யாருக்கும் தெரியாமல் போகிறது? எட்டு வரை நம் ஊரில் யாரையும் நிறுத்தி வைப்பதில்லை. அது நல்ல ஏற்பாடுதான். ஆனால் வாசிக்கத் தெரியாத பிள்ளையும் அதே வேகத்தில் மேலே ஏறிவிடுகிறது. ஒன்பதில் பாடம் திடீரென்று கனக்கும்போதுதான் பள்ளி முழித்துக்கொள்கிறது. ‘டி.சி. வாங்கிக்கோங்க’ என்ற பேச்சும் பல இடங்களில் அப்போதுதான் வருகிறது.

தெரிந்திருப்பது வேறு, எழுத வருவது வேறு. பள்ளி இரண்டையும் ஒரே விடைத்தாளில் அளக்கிறது. வீட்டிலும் வகுப்பிலும் பரீட்சையிலும் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க வைப்பதுதான் உங்கள் வேலை. கீழே இருக்கும் எல்லாமே அதற்கான வழிகள்தான்.

முதல் படி: பார்த்து எழுதி வையுங்கள்

ஒரு நோட்டு வாங்குங்கள். மூன்று வாரம், தினமும் ஐந்து நிமிடம் போதும். தேதி போட்டு, அன்றைக்கு என்ன கேட்டீர்கள், வாயால் என்ன சொன்னான், தாளில் என்ன எழுதினான் என்று குறித்து வையுங்கள். ‘சரியாவே படிக்கலை’ என்று எழுதி வைத்தால் யாருக்கும் உதவாது. ‘எட்டு வரிப் பத்தியை வாசிக்க ஆறு நிமிடம் ஆனது, மூன்று இடத்தில் வரியைத் தவறவிட்டான்’ என்று எழுதினால், பின்னால் பரிசோதிக்கும் உளவியலாளருக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி.

தமிழில் கவனிக்க வேண்டிய சில விஷயங்கள் உண்டு. நம் எழுத்தில் கொம்பு முன்னால் வருகிறது, ஒலி பின்னால் வருகிறது. ‘கெ’ என்று எழுதும்போது கை முதலில் கொம்பைப் போடுகிறது; காது முதலில் கேட்டதோ ‘க்’ என்ற ஒலியை. ‘கொ’ வந்தால் இன்னும் கஷ்டம்: முன்னால் கொம்பு, நடுவில் எழுத்து, பின்னால் கால். நான் பாடம் சொல்லிக் கொடுத்த ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் ‘கொடுத்தான்’ என்பதை ஒரே பக்கத்தில் ‘காடுத்தான்’, ‘கெடுதான்’, ‘கொடுத்தன்’ என்று மூன்று விதமாக எழுதியிருந்தான். மூன்றுமே அவனுக்குச் சரியாகத்தான் தெரிந்தன. இப்படி ஒரே சொல் ஒவ்வொரு முறையும் வேறு வேறு தப்போடு வருவதைக் கவனியுங்கள். தெரியாமல் எழுதும் பிள்ளை பெரும்பாலும் ஒரே தப்பைத் திரும்பத் திரும்பச் செய்யும்.

ஒற்று விட்டுப் போவது, நெடில் குறிலாவது, மூணு சுழியும் ரெண்டு சுழியும் மாறுவது எல்லாம் எல்லாப் பிள்ளைகளும் செய்வதுதான். வயதைப் பாருங்கள். இரண்டாம் வகுப்பில் அது சகஜம். ஏழாம் வகுப்பிலும் ஒவ்வொரு வரியிலும் வந்தால் குறித்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் சின்ன ‘பி’யும் சின்ன ‘டி’யும் திரும்பிக்கொள்வது பலருக்கும் தெரிந்த அடையாளம். ஆனால் அது இல்லையென்றால் குறைபாடே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். தமிழ் போல எழுத்துக்கும் ஒலிக்கும் நெருக்கமான தொடர்பு உள்ள மொழியில் சில பிள்ளைகள் தப்பில்லாமல் வாசித்துவிடுவார்கள். வேகம் மட்டும் வரவே வராது. எழுத்து எழுத்தாகக் கூட்டி வரி முடியும்போது ஆரம்பம் மறந்துபோயிருக்கும்.

கரும்பலகையைப் பார்த்து எழுதுவதையும் கவனிக்கச் சொல்லுங்கள். மற்ற பிள்ளைகள் ஒரு சொற்றொடரைப் பார்த்து மனதில் வைத்துக்கொண்டு குனிந்து எழுதுவார்கள். இவன் ஒவ்வொரு எழுத்துக்கும் நிமிர்வான். மூன்றாவது வரிக்கு வரும்போது பலகையை அழித்துவிடுவார்கள். நோட்டு பாதியில் நிற்பதற்குப் பல நேரம் இதுதான் காரணம்.

கணக்கில் என்றால் பத்தாம் இடமும் ஒன்றாம் இடமும் இடம் மாறுகின்றனவா, வாய்ப்பாடு நேற்று வந்தது இன்று வரவில்லையா, கடிகாரம் பார்ப்பதும் சில்லறை எண்ணுவதும் தடுமாறுகின்றனவா என்று பாருங்கள்.

பழைய நோட்டுகளையும் விடைத்தாள்களையும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். மூன்றாம் வகுப்பு நோட்டும் ஏழாம் வகுப்பு நோட்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் அதைவிடத் தெளிவான சாட்சி கிடையாது.

இதே வாரத்தில் கண்ணையும் காதையும் பரிசோதித்துவிடுங்கள். அரசு மருத்துவமனையிலேயே முடியும். கண்ணாடி போட்டதும் பிரச்சினை தீர்ந்துவிட்ட பிள்ளைகளும் உண்டு. இன்னொன்றையும் நேர்மையாகக் கேட்டுக்கொள்ளுங்கள்: பள்ளி மாறினீர்களா, தமிழ் வழியிலிருந்து ஆங்கில வழிக்குப் போட்டீர்களா, நடுவில் நீண்ட நாள் பள்ளிக்குப் போகாமல் இருந்தானா? அப்படியானால் முதலில் தமிழில் வாசிக்கச் சொல்லிப் பாருங்கள். தமிழ் ஓடுகிறது, ஆங்கிலம் மட்டும் நிற்கிறது என்றால் சொல்லிக் கொடுத்த விதமும் காரணமாக இருக்கலாம். இரண்டிலும் நிற்கிறது என்றால் பரிசோதனையைத் தள்ளிப் போடாதீர்கள்.

இரண்டாவது படி: வீட்டில் சிலவற்றை நிறுத்துங்கள்

முதலில் இம்போசிஷன். தப்பாக எழுதிய சொல்லைப் பத்து முறை எழுதச் சொன்னால் ஆறாவது முறை வேறு தப்பு வரும், பத்தாவது முறை கை வலிக்கும். அதோடு எழுத்தின் மேலேயே வெறுப்பு வந்துவிடும். அடுத்தது டியூஷன். பள்ளியில் எட்டு மணி நேரம் பலிக்காத அதே முறையை மாலையில் இன்னும் இரண்டு மணி நேரம் நீட்டுவதால் ஒன்றும் மாறாது. வேறு விதமாகச் சொல்லிக் கொடுக்கும் ஆள் கிடைத்தால் மட்டும் அனுப்புங்கள்.

விளையாட்டைப் பிடுங்காதீர்கள். கபடியோ கேரமோ டிராயிங்கோ, அவன் ‘எனக்கு வரும்’ என்று நினைக்கும் ஒரே இடம் அதுவாக இருக்கலாம். ‘மார்க் வாங்கினாத்தான் கிரவுண்டுக்கு’ என்று சொல்லிப் பல வீடுகளில் முதலில் அந்த இடத்தைத்தான் மூடுகிறார்கள். பார்க்கவே மனசு கஷ்டமாக இருக்கும்.

பிறகு அவனிடம் பேசுங்கள். பிள்ளைக்குத் தன்னிடம் ஏதோ வித்தியாசம் இருப்பது உங்களுக்கு முன்பே தெரியும். பேர் தெரியாததால் ‘நான் மக்கு’ என்று தானே ஒரு பேர் வைத்திருப்பான். ‘உனக்குப் புரியுதுன்னு எங்களுக்குத் தெரியும்டா. எழுத்துலதான் தட்டுது. அதுக்கு வேற வழி பார்க்கலாம்’ என்று சொன்னாலே தோள் இறங்குவதைப் பார்க்கலாம். 1896இல் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர் 14 வயதுப் பையன் ஒருவனைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார். பாடமெல்லாம் வாய்வழியாக நடந்தால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவன்தான் என்று அந்தப் பையனின் ஆசிரியர் சொன்னதாக அதில் வருகிறது. இதை உங்கள் பிள்ளைக்கும் சொல்லுங்கள். 125 வருஷத்துக்கு முன்னாலேயே இவனைப் போல ஒருவன் இருந்திருக்கிறான் என்பது பெரிய ஆறுதல்.

‘செத்துப் போறேன்’, ‘ஸ்கூலுக்குப் போக மாட்டேன்’ போன்ற பேச்சை விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416. எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம்.

மூன்றாவது படி: ஆசிரியரிடம் பேசுவது

பெற்றோர் கூட்டத்தில் பத்துப் பேர் வரிசையில் நிற்கும்போது இதைப் பேசாதீர்கள். வகுப்பு ஆசிரியரிடம் தனியாக நேரம் கேளுங்கள். குற்றம் சொல்லும் தொனியில் ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். நோட்டையும் விடைத்தாளையும் எடுத்துக்கொண்டு போய் இப்படித் தொடங்கலாம்: ‘மிஸ், இவன் ஒளிச்சேர்க்கை பாடத்தை எனக்கு முழுசா வாயால சொன்னான். பேப்பர்ல ரெண்டு வரிதான் எழுதியிருக்கான். நீங்களே ஒரு தடவை வாயால கேட்டுப் பாருங்க.’ இந்த ஒரு சோதனையை ஆசிரியர் தன் காதால் கேட்டுவிட்டால் அதற்குப் பிறகு நீங்கள் விளக்க வேண்டியது குறைவு. வேலைப் பளுவில் இருக்கும் ஆசிரியருக்கு எல்லாப் பிள்ளையையும் தனித்தனியாகக் கேட்க நேரம் கிடைப்பதில்லை. காட்டினால் புரிந்துகொள்கிறவர்களே அதிகம்.

என்ன கேட்பது? கற்றல் குறைபாட்டுக்கான அரசுச் சான்றிதழ் இல்லாமலே ஆசிரியர் செய்யக்கூடியவற்றை மட்டும் கேளுங்கள். எல்லோர் முன்னாலும் சத்தமாக வாசிக்கச் சொல்ல வேண்டாம் என்பது முதல் வேண்டுகோள். எல்லாவற்றையும் விட அவசரமானது அதுதான். முன் பெஞ்சில் உட்கார வைப்பது, பலகையில் எழுதியதைப் போட்டோ எடுத்துத் தருவது அல்லது பக்கத்துப் பிள்ளையின் நோட்டை ஜெராக்ஸ் எடுக்க அனுமதிப்பது, அறிவியலிலும் சமூக அறிவியலிலும் வகுப்புத் தேர்வில் எழுத்துப் பிழைக்கு மதிப்பெண் குறைக்காமல் இருப்பது, முடிந்தபோது வாய்மொழியாகக் கேட்பது. ஐந்தையும் ஒரே நாளில் கேட்டால் மலைப்பாக இருக்கும். இரண்டில் தொடங்குங்கள்.

பேசி முடித்ததும் அதையே ஒரு பக்கக் கடிதமாகத் தலைமையாசிரியருக்கு எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்தும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் பரீட்சைச் சலுகைக்கு விண்ணப்பிக்கும்போது, பள்ளிக்கு எப்போதிருந்து தெரியும் என்ற கேள்விக்கு அதுவே பதில். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் 21 வகை மாற்றுத்திறன்களில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. அதைச் சீக்கிரமே கண்டறிந்து ஏற்ற கற்பித்தல் முறையைக் கையாள்வது கல்வி நிறுவனங்களின் கடமை என்று அதன் 16ஆவது பிரிவு சொல்கிறது. கடிதத்தில் இதை ஒரு வரி குறிப்பிடுங்கள். சண்டை போடும் தொனி வேண்டாம்.

அரசுப் பள்ளி என்றால் வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். பி.ஆர்.சி. என்று கேட்டால் எந்த ஆசிரியருக்கும் தெரியும். மருத்துவ மதிப்பீட்டு முகாம் எப்போது என்று அவர்களிடமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பள்ளியில் பதிலே வரவில்லை என்றால் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417.

நான்காவது படி: காதால் படிப்பது, வாயால் எழுதுவது

வாசிப்புப் பயிற்சி தனி, பாடம் தனி. இரண்டையும் கலக்காதீர்கள். வாசிக்கத் தெரிந்த பிறகுதான் பாடம் என்று வைத்தால் ஒன்பதாம் வகுப்புப் பையன் மூன்றாம் வகுப்பு அறிவோடு நின்றுவிடுவான்.

பாடத்துக்குக் காது போதும். அக்காவோ தாத்தாவோ பாடத்தை வாசித்து ஃபோனில் பதிவு செய்து கொடுக்கலாம். ஒரு பதிவு ஐந்து நிமிடத்துக்கு மேல் போக வேண்டாம். அம்மா அப்பாவுக்கு வாசிக்க வராது என்றாலும் வழி இருக்கிறது. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் க்யூஆர் குறியீடு இருக்கிறது, ஃபோனில் ஸ்கேன் செய்தால் பாட வீடியோ வரும். 2019இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியின் பாடங்கள் யூடியூபிலும் கிடைக்கின்றன. ஆண்ட்ராய்டு ஃபோனின் அமைப்புகளில் திரையில் உள்ள தமிழ் எழுத்தை உரக்க வாசிக்கும் வசதி உண்டு. பாடநூலின் பிடிஎஃப்பைத் திறந்து வாசிக்க வைத்துப் பாருங்கள்.

கேட்டு முடித்ததும் வாயால் சொல்லச் சொல்லுங்கள். சொல்லும்போதே நீங்கள் தாளில் ஐந்தாறு முக்கியச் சொற்களை மட்டும் எழுதுங்கள். ஒளிச்சேர்க்கை என்றால் இலை, சூரிய ஒளி, நீர், கார்பன் டை ஆக்சைடு, ஸ்டார்ச், ஆக்சிஜன். பக்கத்தில் அவனை ஒரு படம் வரைந்து அம்புக்குறி போடச் சொல்லுங்கள். பரீட்சையில் அவன் எழுத வேண்டியது இந்த ஆறு சொல்லும் படமும்தான். முழு வாக்கியம் பிறகு வரட்டும். ஆறு சொல்லைப் பிழையில்லாமல் எழுதப் பழகுவது ஒரு பக்கத்தை மனப்பாடம் செய்வதைவிட எவ்வளவோ எளிது, மதிப்பெண்ணும் அதில்தான் இருக்கிறது.

வாசிப்புப் பயிற்சியைத் தினமும் பதினைந்து நிமிடத்தோடு நிறுத்துங்கள். வயதுக்கு ஏற்ற விஷயமாக இருக்கட்டும். பதின்மூன்று வயதுப் பையனிடம் ‘அணில், ஆடு’ புத்தகத்தைக் கொடுத்தால் அவமானமாக இருக்கும். கிரிக்கெட் செய்தியோ பஸ் போர்டோ போதும். வரிக்குக் கீழே ஒரு அட்டையை வைத்து நகர்த்தினால் வரி தவறாது. நீங்களும் அவனோடு சேர்ந்தே வாசியுங்கள், அவன் நின்றால் நீங்கள் நிற்காமல் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டுப் போங்கள். எழுத்துகளை எடுத்தால் 247ஐயும் வரிசையாக ஓதுவதில் பலன் இல்லை. கொம்பு உள்ளவற்றை ஒரு குழுவாக எடுத்து, கொம்புக்கு ஒரு நிறம், காலுக்கு ஒரு நிறம் என்று எழுதுங்கள். ‘கெ, கே, கொ, கோ’ நான்கும் பிடிபட ஒரு வாரம் ஆனாலும் பரவாயில்லை. அது வந்துவிட்டால் ‘செ’யும் ‘தே’யும் தானாகப் பின்னால் வரும்.

கணக்குக்குக் கட்டம் போட்ட நோட்டு வாங்குங்கள். ஒரு கட்டத்துக்கு ஒரு இலக்கம். ஒன்று, பத்து, நூறு நேர்க்கோட்டில் நின்றுவிட்டாலே பாதித் தப்பு குறையும்.

ஐந்தாவது படி: பரிசோதனைக்கு எங்கே போவது

படி வரிசையில் ஐந்தாவதாக எழுதினாலும் முதல் வாரத்திலேயே இதற்கான விசாரணையைத் தொடங்குங்கள், ஏனென்றால் தேதி கிடைக்கவே நாளாகும்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் நலப் பிரிவிலோ மனநலப் பிரிவிலோ போய்க் கேட்கலாம். தேசிய குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் இருக்கின்றன. டி.இ.ஐ.சி. என்று கேளுங்கள், 18 வயது வரை பார்ப்பார்கள், கட்டணம் இல்லை. சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா சங்கம் 1990களின் தொடக்கத்திலிருந்தே இந்தப் பிள்ளைகளுக்காக வேலை செய்கிறது. தனியாரிடம் போவதென்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மூளைக்கு ஸ்கேன் எடுத்து டிஸ்லெக்ஸியாவைக் கண்டுபிடிக்க முடியாது. மருந்து கொடுத்தோ பானம் கொடுத்தோ குணமாக்குகிறோம் என்பவரிடம் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்.

பரிசோதனையில் நுண்ணறிவுச் சோதனை ஒன்று இருக்கும். அப்புறம் வாசித்தல், எழுதுதல், கணக்கு ஆகியவற்றுக்குத் தனிச் சோதனை. சான்றுக்கு பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் உருவாக்கிய சோதனைத் தொகுப்பைப் பயன்படுத்துகிறார்கள். பிள்ளையைக் காலைச் சாப்பாடு கொடுத்து அழைத்துப் போங்கள். ‘உனக்கு எப்படிச் சொல்லிக் கொடுத்தா வரும்னு பார்க்கப் போறாங்க’ என்று மட்டும் சொல்லுங்கள். ஊசி கிடையாது என்பதையும் சொல்லிவிடுங்கள், பெரிய பிள்ளைகளுக்குக்கூட அந்தப் பயம் இருக்கிறது.

தனியார் அறிக்கையும் அரசுச் சான்றும் வேறு வேறு. அறிக்கை எப்படிக் கற்றுக் கொடுப்பது என்று சொல்லும், சலுகைக்கும் யு.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் அரசு மருத்துவக் குழுவின் சான்று வேண்டும். மத்திய அரசு நெறிமுறைப்படி சான்று 8 வயது நிரம்பிய பிறகுதான் தருவார்கள். 14 வயதிலும் 18 வயதிலும் மறுபடி பார்க்க வேண்டும். 18இல் தரும் சான்று ஆயுளுக்கும் செல்லும். எட்டு வயதுக்குக் கீழே என்றால் சான்று கிடைக்காது, ஆனால் உதவியை அன்றைக்கே தொடங்கலாம்.

‘மாற்றுத்திறனாளி என்று முத்திரை விழுந்துவிடுமே’ என்று தயங்குகிற பெற்றோர் நிறையப் பேர். அந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் சோம்பேறி, மக்கு என்ற முத்திரை ஏற்கெனவே விழுந்துவிட்டது. அதோடு ஒப்பிட்டால் சான்று பிள்ளைக்குப் பாதுகாப்புதான்.

சான்று கையில் வந்தால் தமிழ்நாட்டுப் பொதுத்தேர்வில் கூடுதலாக 1 மணி நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு போன்ற சலுகைகளுக்கு விண்ணப்பிக்கலாம். விண்ணப்பம் தலைமையாசிரியர் வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்குப் போகும். பத்தாம் வகுப்பு தொடங்கும் ஜூனிலேயே பேச்சை எடுங்கள். அரையாண்டு முடிந்து ஓடினால் நேரம் போதாது. சி.பி.எஸ்.இ.யிலும் 3 மணி நேரத் தேர்வுக்கு 60 நிமிடம் கூடுதல், எழுதுபவர் போன்ற வசதிகள் உண்டு. எழுதுபவர் கிடைத்ததும் எல்லாம் சரியாகிவிடாது. இன்னொருவருக்குச் சொல்லி எழுத வைப்பதே ஒரு பழக்கம். எந்தக் கேள்வி எண், எங்கே பத்தி பிரிப்பது, படத்தில் எதை எங்கே குறிப்பது என்று சொல்லத் தெரிய வேண்டும். வீட்டில் பழைய வினாத்தாளை வைத்து நான்கைந்து முறையாவது பழக்குங்கள்.

ஆறாவது படி: சலுகை இல்லாமல் பரீட்சை எழுத நேர்ந்தால்

சான்று தாமதமாகிறது, பரீட்சை வந்துவிட்டது. இதுதான் பலருக்கும் நடக்கிறது. அப்போதும் செய்வதற்கு நிறைய இருக்கிறது.

பொதுத்தேர்வில் வினாத்தாள் படிக்க முதல் 10 நிமிடமும் விவரம் நிரப்ப 5 நிமிடமும் தருவார்கள். அந்தப் 10 நிமிடத்தில் முழுத் தாளையும் வாசிக்க முயன்றால் உங்கள் பிள்ளைக்குத் தலை சுற்றும். படம், வரைபடம், மேப் உள்ள கேள்விகளை முதலில் தேடச் சொல்லுங்கள். எழுத்து குறைவு, மதிப்பெண் அதிகம்.

பத்தாம் வகுப்புக் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். இப்போதைய அமைப்பில் 14 ஒரு மதிப்பெண் கேள்விகள், வடிவியல் ஒன்று, வரைபடம் ஒன்று என 8 மதிப்பெண்ணில் இரண்டு கேள்விகள். வடிவியலும் வரைபடமும் சேர்ந்தாலே 16. அவற்றில் வாசிக்க வேண்டியது இரண்டு மூன்று வரிதான், மற்றதெல்லாம் ஸ்கேலும் காம்பஸும். தேர்ச்சிக்கு 35 போதும். கையால் செய்வதில் கெட்டியான பிள்ளைகளுக்கு இந்த இரண்டையும் ஆகஸ்டிலிருந்தே வாரம் இரண்டு முறை போட வைத்தால், தேர்வறைக்குப் போகும்போதே பாதி தூரம் கடந்திருப்பார்கள்.

இந்தப் பிள்ளைகள் வீணாக இழக்கும் மதிப்பெண் கேள்வி எண்ணில்தான். 21க்கு 12 என்று போட்டுவிட்டு விடையைச் சரியாக எழுதுவார்கள். எண்ணை எழுதியதும் வினாத்தாளில் விரல் வைத்துச் சரிபார்ப்பதைக் கைப்பழக்கமாக்குங்கள். ஒரு மதிப்பெண் கேள்வியில் குறியீட்டோடு விடையையும் வினாத்தாளிலிருந்து பார்த்து எழுதச் சொல்லுங்கள். நீண்ட விடையைப் பத்தியாக எழுத வேண்டாம். வரிக்கு ஒரு கருத்து, அதன் முக்கியச் சொல்லுக்கு அடிக்கோடு.

ஒரு பாடம் போய்விட்டால் அதே ஆண்டில் துணைத் தேர்வு உண்டு. பள்ளிச் சூழலே ஒத்துவரவில்லை என்றால் தேசிய திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது. என்.ஐ.ஓ.எஸ். என்று தேடுங்கள். பத்தாம் வகுப்பைத் தமிழ் வழியிலேயே எழுதலாம், ஒரு மொழி போதும், மொத்தம் ஐந்து பாடங்கள், பதிவு 5 ஆண்டுகளுக்குச் செல்லும். ஒரு பருவத்தில் இரண்டு பாடம், அடுத்த பருவத்தில் ஒன்று என்று பிரித்து எழுதலாம்.

பத்துக்குப் பிறகு

குரூப் எடுக்கும்போது மார்க்கை மட்டும் பார்க்காதீர்கள், எழுத்து எவ்வளவு என்று பாருங்கள். வரலாறு பிடிக்கும், ஆனால் பக்கம் பக்கமாக எழுத வேண்டும் என்றால் எழுதுபவர் ஏற்பாடு உறுதியான பிறகு சேருங்கள். தொழிற்கல்விப் பிரிவு, ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் எல்லாம் கையும் கண்ணும் வேலை செய்யும் இடங்கள். ‘வேற வழி இல்லாம அனுப்புறோம்’ என்ற முகத்தோடு அனுப்பாதீர்கள், பிள்ளை அதையும் வாசித்துவிடும்.

18 வயது முடிந்ததும் மறு சான்று வாங்க மறக்காதீர்கள். குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்றில் இருந்தால் அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீதத்துக்குக் குறையாத ஒதுக்கீட்டில் விண்ணப்பிக்கலாம். கல்லூரியில் சேர்ந்த முதல் மாதத்திலேயே தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரிடம் சான்றின் நகலோடு கடிதம் கொடுக்க வேண்டும். அந்தக் கடிதத்தை நீங்கள் எழுதாதீர்கள். அவன் வாயால் சொல்லட்டும், ஃபோன் தட்டச்சு செய்யட்டும், கையெழுத்தை அவன் போடட்டும்.